140 கார்டும் ஒரு காதுகுத்தும்

மெமரி கார்டு வர்ற அட்டையோட பின்பக்கத்தை என்னிக்காவது படிச்சிருக்கீங்களா? கீழ ஓரத்துல, பொடி எழுத்துல ஒரு நாலு வரி இருக்கும். அதைத்தான் கேக்குறேன்.

படிச்சிருக்க மாட்டீங்க. யாருமே படிக்க மாட்டாங்க. அந்த தைரியத்துலதான் முன்பக்கம் "140 எம்பி"ன்னு அவ்ளோ பெருசா போட்டு, பக்கத்துல இருக்கா இல்லையான்னு தெரியாத மாதிரி ஒரு நட்சத்திரக் குறியும் வெச்சிடறாங்க.

எனக்கு இந்த எரிச்சல் வரக் காரணம் மச்சினன். ஊர்ல சின்னச் சின்ன விசேஷத்துக்கு வீடியோ எடுக்கிற ஆள். போன் பண்ணினான்.

"மாமா, கார்டு புதுசு. 140 போட்டிருக்கு. ஆனா நடுவுல ரெக்கார்டிங் நின்னுடுச்சு மாமா."

"எதுல நின்னுச்சு?"

"காதுகுத்துல. தாய்மாமன் மடியில உக்கார வெச்சது இருக்கு. ஆசாரி பக்கத்துல வந்தது இருக்கு. குத்தினது இல்ல."

(அந்தத் தாய்மாமனுக்கு என்ன பதில் சொன்னான்னு நான் கேக்கல. கேக்கக் கூடாது.)

"எதுல வெச்சு எடுத்த மாப்ள?"

"ஃபோர்கே. 100 எம்பிபிஎஸ். 140 கார்டு 100-ஐ தாங்காதா மாமா?"

நியாயமான கேள்விதான். ஆனா கேமரா சொல்ற 100 வேற, கார்டு சொல்ற 140 வேற. கேமரா சொல்றது பிட் கணக்கு. கார்டு சொல்றது பைட் கணக்கு. எட்டு பிட் சேந்தாதான் ஒரு பைட். அப்போ 100-ஐ எட்டால வகுத்தா, செகண்டுக்கு 12.5 எம்பி. அவ்ளோதான் கேமரா கேக்குது.

12.5 கேக்குற எடத்துல 140 இருக்கு. பதினோரு மடங்கு. அப்புறமும் ஏன் நின்னுச்சு?

கார்டைத் திருப்பச் சொன்னேன். மேல ஆங்கில யூ எழுத்து, அதுக்குள்ள 1. அதுதான் பதில். யூ1-ன்னா, தொடர்ந்து எழுதும்போது செகண்டுக்கு 10 எம்பிக்குக் குறையாதுன்னு உத்தரவாதம். 10 மட்டும்தான். கேமரா கேக்குறது 12.5. அந்த 140 இருக்கே, அது படிக்கிற வேகம். கேமரால வீடியோ எடுக்கும்போது கார்டு படிக்கிறதே இல்ல, எழுதிட்டே இருக்கு!

கம்பெனிக்காரன்கிட்ட சண்டைக்கும் போக முடியாது. அவன் சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டான். நாமதான் வேற வாக்கைக் கேட்டுட்டோம்.

சரி, அந்த கார்டு நிஜமா எவ்ளோதான் எழுதுது? ஞாயித்துக்கிழமை அதை வாங்கி வெச்சுக்கிட்டு, வீட்டு டிராயர்ல கெடந்ததையெல்லாம் கொட்டினேன். என் கேமரால இருக்கிற வி30 கார்டு. ஏதோ பழைய போன்ல இருந்து வந்த 8 ஜிபி, கிளாஸ் 4. அப்புறம் ஒரு பொருட்காட்சியில வாங்கின 512 ஜிபி (விலையைச் சொன்னா நீங்களே சிரிப்பீங்க, அதுக்கு அப்புறம் வரேன்).

முதல் சுற்று, மேஜை மேல ரொம்ப நாளா கெடக்கிற கார்டு ரீடர்ல. வி30 படிக்கிற வேகம் 36. மச்சினன் கார்டு படிக்கிற வேகம், அதுவும் 36.

ரெண்டு கம்பெனி, ரெண்டு விலை, ஒரே நம்பர். இப்படி வந்தா கார்டைச் சந்தேகப்படாதீங்க, ரீடரைச் சந்தேகப்படுங்க. அந்த ரீடர் யூஎஸ்பி 2.0. ஏட்டுல அதோட வேகம் 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. நடைமுறையில 35, 40 தாண்டினாலே பெருசு. நான் அளந்தது கார்டை இல்ல, அந்த ரீடரை. கார்டு, ரீடர், கேபிள், போர்ட், இதுல எது மெதுவோ அதோட வேகம்தான் திரையில தெரியும். வீட்ல உக்காந்து கார்டை அளக்கிற பாதிப் பேர் இங்கதான் மாட்டுவாங்க.

யூஎஸ்பி 3 ரீடர் வேணும். உள்ள நீல பிளாஸ்டிக் இருந்தா 3-ன்னு சொல்லுவாங்க. நீலத்தை மட்டும் நம்பாதீங்க, பெயின்ட் எல்லாருகிட்டயும் இருக்கு. வாயைப் பாருங்க. யூஎஸ்பி 2-ல நாலு தகடு. 3-ல அந்த நாலுக்குப் பின்னாடி இன்னும் அஞ்சு பொடித் தகடு இருக்கும். மொத்தம் ஒன்பது. அஞ்சைக் காணோம்னா வெறும் நீலம்தான்.

(இன்னொண்ணு. மைக்ரோ கார்டை பெரிய அடாப்டர்ல சொருகினா வேகம் கொறஞ்சிடும்னு ஒரு பேச்சு இருக்கு. அடாப்டருக்குள்ள சிப் எதுவும் கெடையாது, வெறும் கம்பிதான். தகடு கறை புடிச்சு தொடர்பு சரியில்லன்னா மட்டும் தொல்லை. துடைச்சுப் போடுங்க.)

ரெண்டாவது சுற்று, நல்ல ரீடர். வி30 படிக்கிறது 92. மச்சினன் கார்டு 91.

அப்போ அந்த 140 எங்க?

இங்கதான் எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. இந்த கார்டுங்க எல்லாம் யூஎச்எஸ்-1 வகை. ரோமன் எழுத்துல ஒரு ஒத்தக் கோடு போட்டிருக்கும் பாருங்க, அது. அந்த வகையோட விதிப்படி அதிகபட்சம் செகண்டுக்கு 104 எம்பி. விதியே 104-ன்னா 140 எங்கேருந்து வந்துச்சு? சில கம்பெனிங்க விதிக்கு மேல சொந்தமா ஒரு வழி வெச்சிருக்காங்க. அந்த வழி தெரிஞ்ச ரீடர்ல போட்டா 140, 160, 170, 200 எல்லாம் வரும். தெரியாத ரீடர்ல, கேமரால, போன்ல, லேப்டாப்ல எல்லாம் 104-க்குள்ளதான். நட்சத்திரக் குறிக்குப் பின்னாடி பொடி எழுத்துல இருந்த சமாச்சாரம் இதுதான். அட்டையில இருக்கிற பெரிய நம்பர் வேணும்னா அவங்க ரீடரையும் சேத்து வாங்கணும். வாங்கினாலும் அது படிக்கிறதுக்குத்தான்.

(நெஜமாவே 104-ஐ தாண்டணும்னா யூஎச்எஸ்-2 இருக்கு. கார்டுக்குப் பின்னாடி ரெண்டாவது வரிசைத் தகடு இருக்கும். 312 வரைக்கும் போகும். கேமராவுக்கும் அந்த ரெண்டாவது வரிசை இருக்கணும், இல்லன்னா காசு தெண்டம். விலையைப் பாத்துட்டு நான் அட்டையை இருந்த எடத்துலயே மாட்டிட்டு வந்துட்டேன்.)

இப்போ எழுதுறது. நமக்கு வேண்டியது அதுதானே.

முதல்ல அந்தப் பழைய கிளாஸ் 4 கார்டு. லினக்ஸ்ல டிடின்னு ஒரு கட்டளை இருக்கு. கார்டுல ஒரு ஃபைலை எழுதிட்டு எவ்ளோ வேகம்னு அதுவே சொல்லும். 1 ஜிபி எழுதச் சொன்னேன். பட்டுனு முடிஞ்சுது. வேகம்: செகண்டுக்கு 1.1 ஜிபி!

டிராயர்ல தூசி புடிச்சுக் கெடந்த கார்டு.

கம்ப்யூட்டர் பொய் சொல்லல, அது பாட்டுக்கு ஃபைலை ரேம்ல வாங்கி வெச்சுக்கிட்டு "ஆச்சு"ன்னு சொல்லுது. கார்டுக்கு அனுப்புற வேலையை அப்புறமா மெதுவா செய்யும். "பாதுகாப்பா எடு"ன்னு அமுக்கினா சுத்திக்கிட்டே இருக்குமே, அது அந்த வேலைதான். அதனால டிடி குடுக்கும்போது கடைசியில எஃப்டேட்டாசிங்க்னு ஒரு வார்த்தை சேக்கணும். கார்டுல போய்ச் சேர்ற வரைக்கும் கடிகாரத்தை நிறுத்தாதேன்னு அர்த்தம். சேத்ததும் 1.1 ஜிபி கரைஞ்சு 6 எம்பி ஆச்சு. கிளாஸ் 4-ன்னா கொறஞ்சது 4 எழுதணும். 6 எழுதுது. பெரியவருக்கு ஒரு கும்பிடு.

படிக்கிறதுலயும் இதே கதை. எழுதின ஃபைலை உடனே படிச்சா ரேம்லேருந்து எடுத்துக் குடுத்துடும். கார்டை ஒரு தடவை வெளிய எடுத்துட்டுத் திரும்பப் போட்டு அளங்க. (டிடில எங்க எழுதணும்னு ரெண்டு தடவை பாத்துட்டு எண்டர் தட்டுங்க. எழுத்து ஒண்ணு மாறி ஹார்டு டிஸ்க்கையே காட்டிட்டா அதுவும் சத்தமில்லாம எழுதிடும். கேள்வியே கேக்காது.)

விண்டோஸ்காரங்களுக்கு கிரிஸ்டல்டிஸ்க்மார்க் இருக்கு. இலவசம். ரேம் வழியா போற இந்தக் குறுக்கு வழியை அதுவே அடைச்சுட்டு அளக்கும். மச்சினன் கார்டை அதுல போட்டேன். எழுதுறது 38-ன்னு வந்துச்சு.

38! கேமரா கேட்டது 12.5. அப்போ ஏன்தான் நின்னுச்சு?

இதுக்குக் கொஞ்சம் கார்டு உள்ள போகணும். படிக்கிறது ஈசி, செல்லுல என்ன இருக்குன்னு பாத்தா போதும். எழுதுறது அப்படி இல்ல. இருக்கிறதுக்கு மேலயே எழுத முடியாது, அழிச்சிட்டுத்தான் எழுதணும். அழிக்கிறதும் துண்டு துண்டா அழிக்க முடியாது, ஒரு பெரிய பாத்தி மொத்தமாத்தான். வாசல்ல கோலம் போட்டு முடிச்சப்புறம் ஒரு இழையை மாத்தணும்னா, தண்ணி தெளிச்சு மொத்தத்தையும் கழுவிட்டு மறுபடி புள்ளி வெக்கணும்னு வெச்சுக்கங்க. அதுதான் கார்டுக்கும். அதனாலதான் எந்தக் கார்டை எடுத்தாலும் எழுதுறது படிக்கிறதைவிட மெதுவு.

இன்னிக்கு வர்ற கார்டுல பெரும்பாலும் ஒரு செல்லுல மூணு பிட் திணிக்கிறாங்க. எடம் மிச்சம், விலை கம்மி, ஆனா எழுத நேரம் ஆகும். அந்த மெதுவை மறைக்க ஒரு தந்திரம் இருக்கு. கொஞ்சம் எடத்தை மட்டும் செல்லுக்கு ஒரு பிட்டுன்னு வெச்சு, வர்றதை முதல்ல அங்க வேகமா வாங்கிக்கும். அப்புறம் சும்மா இருக்கும்போது உள்ள மாத்திக்கும். அந்த எடம் நெறைஞ்சிட்டா? நிஜ வேகம் வெளிய வந்துடும்.

கிரிஸ்டல்டிஸ்க்மார்க் நாம ஒண்ணும் மாத்தலன்னா 1 ஜிபி ஃபைல்தான் எழுதிப் பாக்கும். அந்த 1 ஜிபி மொத்தமும் வேகமான எடத்துலயே அடங்கிடுச்சுன்னா 38 காட்டும். மச்சினன் கேமரா எழுதுறது 1 ஜிபியா? 12.5 வீதம் போட்டுப் பாருங்க, ஒண்ணரை நிமிஷத்துக்குள்ள 1 ஜிபி தாண்டிடும். காதுகுத்துல குழந்தையைச் சமாதானப்படுத்தவே அதைவிட அதிக நேரம் ஆகும்!

கார்டு முழுக்க எழுதிப் பாத்தேன். எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு பழைய ஜெர்மன் மென்பொருள், கார்டு நெறையுற வரைக்கும் 1 ஜிபி 1 ஜிபியா எழுதி, திரும்பப் படிச்சு, சரியா இருக்கான்னும் பாக்கும். முதல் கொஞ்ச நேரம் 38. அப்புறம் 20-க்குக் கீழ இறங்குச்சு. அப்புறம் 11. அங்கயே உக்காந்துடுச்சு. 64 ஜிபி நெறையுறதுக்குள்ள ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடிடுச்சு. நான் அதுக்குள்ள சாப்பிட்டு, பாத்திரம் கழுவி (ஆமா, கழுவுவேன்), வந்தேன்.

11. உத்தரவாதம் 10, குடுக்குறது 11. வாக்குத் தவறாத கார்டு. கேமராவுக்குத்தான் பத்தல.

என் வி30 அதே சோதனையில 60-க்குப் பக்கத்துலயே நின்னுச்சு. வி30-ன்னா தொடர்ந்து 30-க்குக் குறையாதுன்னு அர்த்தம். யூ3-க்கும் அதே 30-தான். மச்சினன்கிட்ட சொன்னது இவ்ளோதான்: பெரிய நம்பரைப் பாக்காதே, வி எழுத்துக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு பாரு, அதை எட்டால பெருக்கு, கேமரா எம்பிபிஎஸ்ஸை அது தாண்டினா வாங்கு. 30-ஐ எட்டால பெருக்கினா 240. உன் 100-க்கு ரெண்டு மடங்குக்கு மேல இருக்கு.

"இதை ஏன் மாமா முன்பக்கம் பெருசா போட மாட்டேங்கறான்?"

30-ன்னு போட்டா யாரு மாப்ள வாங்குவா, பக்கத்துல 140 தொங்கும்போது?

இதுல இன்னொரு கூத்து, எக்ஸ் கணக்கு. 633எக்ஸ், 1000எக்ஸ்னு போட்டு வரும் சில கார்டு. அந்த ஒரு எக்ஸ் எவ்ளோ தெரியுமா? 150 கேபி. முதன்முதல்ல வந்த சிடி டிரைவோட வேகம். 633எக்ஸை கணக்குப் போட்டா 95 எம்பி. சிடியே இல்லாத கம்ப்யூட்டர்ல கார்டை சொருகறோம், அளவுகோல் மட்டும் சிடி. நல்லா இருக்கு போங்க.

(கூடவே ஒரு சந்தேகம் வரும். 64 ஜிபி வாங்கினா விண்டோஸ்ல 59.6-தான் காட்டுது, மீதியை முழுங்கிட்டானான்னு. இதுல கம்பெனிக்காரன் மேல தப்பு இல்ல. அவன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், விண்டோஸ் 1024, 1024-ஆ எண்ணுது. காப்பி பண்ணும்போது விண்டோஸ் காட்டுற வேகமும் அதே கணக்குதான். சோதனையில 100 வந்த கார்டு அங்க 95-ன்னு தெரிஞ்சா பதறாதீங்க.)

கார்டு மேல ஏ1, ஏ2-ன்னும் போட்டிருக்குமே. அது கேமராக்காரங்களுக்கு இல்ல. போன்ல ஆப்பை கார்டுல வெச்சு ஓட்டுறவங்களுக்கும், ராஸ்பெர்ரி பைன்னு குட்டிக் கம்ப்யூட்டர் வெச்சு விளையாடுறவங்களுக்கும். ஆப் ஓடும்போது பெரிய ஃபைல் வராது, பொடிப் பொடியா அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு கேட்டுட்டே இருக்கும். ஏ1-ன்னா அந்த மாதிரி செகண்டுக்கு 1500 தடவை படிக்கணும், 500 தடவை எழுதணும். ஒரு தடவைக்கு 4 கேபின்னு பெருக்கினா எழுதுறது 2 எம்பி. ஆமாங்க, ரெண்டே ரெண்டு. கிரிஸ்டல்டிஸ்க்மார்க்ல கடைசி வரி ஆர்என்டி 4கேன்னு இருக்கும், அங்க எழுதுறதுல 2, 3 வந்தா "கார்டு போச்சு"ன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. கார்டுக்கு அது நல்ல மார்க். வாட்ஸாப் படத்தை மொத்தமா காப்பி பண்ணும்போது கார்டு படுத்துக்கிறதும் இதனாலதான். ஒரு பெரிய படம் நிமிஷத்துல ஏறும், அதே அளவு குட்டிப் படங்க ஏற மணிக்கணக்கா ஆகும்.

ஏ2 இன்னும் மேல, 4000 படிக்க, 2000 எழுத. ஆனா அந்த வேகம் வர, கார்டோட பேசுற கருவிக்கும் கட்டளைகளை வரிசையில அடுக்கிக் குடுக்கத் தெரியணும். தெரியாத கருவியில ஏ2-க்குக் குடுத்த காசு கொஞ்சம் வீண்தான்.

ராஸ்பெர்ரி பையைப் பத்திப் பேசினதால இதையும் சொல்லிடறேன். பை 3-ல கார்டு சொருகுற எடமே செகண்டுக்கு 25 எம்பிக்கு மேல போகாது. பை 4-ல 50. பை 5-லதான் 104 வரைக்கும் வழி விட்டிருக்காங்க. பை 3 வெச்சுக்கிட்டு கடைக்காரர்கிட்ட "இருக்கிறதுலயே ஃபாஸ்டான கார்டு குடுங்க"ன்னு கேக்குற என் ஃப்ரெண்டை நீங்களும் பாத்திருப்பீங்க.

சரி, பொருட்காட்சி கார்டு. 512 ஜிபி.

சொருகினா 512-ன்னுதான் காட்டுது. ஃபைல் ஏத்தினா ஏறுது. பேர் தெரியுது, அளவு தெரியுது. வேகம்கூட மோசமில்ல, எழுதுறது 14. எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டிப் பாத்தா, 16 ஜிபி சொச்சத்துக்கு அப்புறம் எழுதினது எதுவுமே திரும்ப வரல. உள்ள இருக்கிற கன்ட்ரோலர் சிப்புக்கு "நீ 512, யார் கேட்டாலும் அப்படியே சொல்லு"ன்னு சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காங்க. எடம் தீந்ததும் வர்றதை வாங்கி குப்பையில போட்டுட்டு "எழுதிட்டேன்"னு சொல்லுது. சில கார்டு இன்னும் மோசம், முதல்ல எழுதினது மேலயே திரும்ப எழுதிடும். வேகத்தை மட்டும் அளந்தா இது பாஸ். அதனால புது கார்டு எதுவா இருந்தாலும் வாங்கின அன்னிக்கே ஒரு தடவை முழுசா நெறச்சுப் பாத்துடுங்க. லினக்ஸ், மேக் வெச்சிருக்கிறவங்களுக்கு இதே வேலைக்கு எஃப்3 இருக்கு. கடைக்காரர் மாத்திக் குடுக்கிற நாளுக்குள்ள பண்ணணும். பொருட்காட்சியில வாங்கினதுன்னா அந்தக் கடையே இருக்காது, அது வேற விஷயம்.

வீட்ல எல்லாரும் கேட்டது, இந்தப் பழைய 8 ஜிபியை ஏன் இன்னும் வெச்சிருக்கேன்னு. எழுதுறது 6, படிக்கிறது 19. ஒரு பாட்டு, எம்பி3-ல இருக்கிறதுலயே நல்ல தரம், 320 கேபிபிஎஸ்னே வெச்சுக்கங்க. எட்டால வகுத்தா செகண்டுக்கு 40 கேபி. 19 எம்பி படிக்கிற கார்டு ஒரே நேரத்துல நானூறு பாட்டுக்கு மேல குடுக்கும். கார்ல ஓடப் போறது ஒண்ணு. அதுவும் எங்க கார் பிளேயர் 32 ஜிபிக்கு மேல கார்டு போட்டா முழிக்கும், ஏன்னா 32 தாண்டினா எக்ஸ்ஃபேட்ங்கிற ஃபார்மட்ல வரும், பிளேயருக்கு ஃபேட்32 மட்டும்தான் புரியும். முன்னாடி மொபைல் கடையில காசு குடுத்து "சிப்புல பாட்டு ஏத்தித் தாங்க"ன்னு நிப்போமே, அப்போ ஏத்தின இளையராஜா பாட்டெல்லாம் இன்னும் அதுல அப்படியே இருக்கு. வீட்டுக்காரி ஏற்கெனவே லிஸ்ட் எழுதிக் குடுத்தாச்சு, இன்னும் இருநூறு பாட்டு ஏத்தணும். 6 எம்பி வேகத்துல ரெண்டு கப் டீ ஆகும்.